மவுண்டன் பைக் ஓட்டுற ட்ரெயில்ல நாம கட்டுற ஜம்ப், பிரிட்ஜ், பெர்ம்: அடிக்கடி கேக்குற கேள்விகள்

எங்க குழுவுல புதுசா மண்வெட்டி பிடிக்க வர்றவங்க முதல் சில வாரத்துலயே கேக்குற கேள்விகள்தான் இதெல்லாம். ஜம்ப் எப்படி கட்டுறதுன்னு சொல்லித்தர வீடியோ நிறைய இருக்கு, கட்டுனதை அடுத்த அஞ்சு வருஷம் எப்படி பாத்துக்கிறதுன்னு சொல்றவங்க ரொம்ப கம்மி. அதனால இங்க அந்தப் பக்கத்தைப் பத்திதான் அதிகம் எழுதியிருக்கேன்.

கட்டுன ஃபீச்சர்னு எதை சொல்றீங்க?

மனுஷன் கை வச்சு உண்டாக்குனது எல்லாமே. மரத்துல லேடர் பிரிட்ஜ் (ஏணி மாதிரி பலகை அடுக்குன பாலம்), ஸ்கின்னி (ஒடுங்கலான பலகைப் பாதை), வால்ரைடு (சைக்கிள் சாய்ஞ்சு ஏறிப் போற சுவர்), ட்ராப் மேடை (விளிம்புல இருந்து கீழ குதிச்சு இறங்குறது). மண்ணுல பெர்ம் (வளைவோட வெளிப்பக்கத்துல உசத்துன மண் சரிவு), ரோலர் (உருண்டையான மேடு), டேபிள்டாப் (நடுவுல தட்டையா மண் நிரப்புன ஜம்ப்), கேப் ஜம்ப் (நடுவுல வெறும் இடைவெளி விட்ட ஜம்ப்). கல்லுல ராக் கார்டன் (கல் அடுக்குன கரடுமுரடான பாதை), ஈரமான இடத்துல பாவுற கல் தளம். மரத்துல கட்டுற பழக்கம் பெருசா பரவுனது கனடாவுல வான்கூவர் பக்கத்துல இருக்குற நார்த் ஷோர் மலைகள்ல இருந்துதான். 1980கள், 90கள்ல அங்க இருந்தவங்க சேறையும் விழுந்து கிடக்குற பெரிய மரங்களையும் தாண்டிப் போறதுக்காக சீடர் மரத்தைப் பிளந்து ஏணி மாதிரி அடுக்கி பாலம் போட்டாங்க, அப்புறம் அந்தப் பாலமே விளையாட்டாயிடுச்சு.

இயற்கையா கிடக்குற பாறைக்கும் இதுக்கும் ஒரு வித்தியாசம் இருக்கு. பாறையைப் பாத்தா ரைடர் தானே நின்னு எடைபோட்டு முடிவு பண்ணுவான். பலகை அடிச்ச மேடையைப் பாத்தா "யாரோ செக் பண்ணிதான் வச்சிருப்பாங்க"ன்னு நம்பி ஏறிடுவான். அந்த யாரோ நாமதான்.

ஒரு மர பிரிட்ஜை செக் பண்ணணும்னா எங்க ஆரம்பிக்கணும்?

அடியில. மேல நின்னு பாத்தா ஒண்ணுமே தெரியாது, குனிஞ்சு, முடிஞ்சா படுத்துப் பாருங்க.

ஒரு தடவை நடந்ததை சொல்றேன். நாங்க பாத்துக்கிற ஒரு லேடர் பிரிட்ஜ், கட்டி ஆறு வருஷம் இருக்கும், முந்தின வருஷம்தான் மேல் பலகை மொத்தத்தையும் மாத்தியிருந்தோம், பாக்க புதுசு மாதிரி இருந்துச்சு. கீழ விழுந்த ஸ்பேனரை எடுக்க அடியில நுழைஞ்சப்போ, நீளவாக்குல போற விட்டக்கட்டை கல் மேல உக்காந்திருக்கிற இடத்துல சும்மா கை ஊணினேன், என் கட்டைவிரல் முதல் கணு வரைக்கும் உள்ள போயிடுச்சு, நனைஞ்ச அட்டைப்பெட்டியை அமுக்குற மாதிரி. அந்த இடத்துல வருஷக்கணக்கா சருகு சேந்து ஊறிக்கிடந்திருக்கு. அறுத்துப் பாத்தா வெளிய ஒரு சென்டிமீட்டர் நல்ல மரம், உள்ள பூரா பழுப்புத் தூள். அன்னைக்கு காலையில மட்டும் மூணு பேர் அது மேல போயிருந்தாங்க. நாங்க பலகையை மாத்துனப்போ ஒருத்தர்கூட அடியில பாக்கலங்கிறது இன்னைக்கும் மனசை உறுத்துது.

அதனால முதல்ல பாக்க வேண்டியது இந்த இடங்கள்: கட்டை மண்ணையோ கல்லையோ தொடுற இடம், பலகை விட்டத்து மேல உக்காருற இடம், கட்டையோட வெட்டு முனை, ஸ்க்ரூ இறங்குன ஓட்டை. தண்ணி தேங்குறதும் காய நேரமில்லாம போறதும் இங்கதான். மரம் மக்குறதுக்கு காரணமான பூஞ்சைக்கு மரத்துக்குள்ள ஈரம் ஏறக்குறைய 20 சதவீதத்துக்கு மேல இருக்கணும், அதுக்குக் கீழ காஞ்சு கிடந்தா அதால வளர முடியாது. அதனால மழை படுறதைவிட, பட்ட ஈரம் காயாம இருக்குறதைத்தான் தேடிப் பிடிக்கணும்.

எப்படி சோதிக்கிறது, ஏதாவது மெஷின் வேணுமா?

வேண்டாம், ஒரு ஸ்க்ரூடிரைவர், ஒரு சுத்தியல் போதும். ஸ்க்ரூடிரைவர் முனையால நல்லா அழுத்திக் குத்துங்க, நல்ல கட்டை முனையை உள்ள விடாது, கெட்டது பொசுக்குன்னு வாங்கிக்கும். அப்புறம் சுத்தியலால தட்டிக்கிட்டே போங்க, கெட்டியான கட்டை "டங்"னு சொல்லும், உள்ள உளுத்தது "தொப்"புன்னு சொல்லும், பத்து தடவை தட்டினா காது தானா பழகிடும். கடைசியா ரெண்டு மூணு பெரியவங்க நடுவுல நின்னு ஒண்ணா குதிச்சு பாருங்க, இன்னொருத்தர் தள்ளி நின்னு பக்கவாட்டு ஆட்டத்தைக் கவனிக்கணும். கீழ வளைஞ்சு திரும்ப வர்றது சகஜம், பக்கவாட்டுல ஆடுனா குறுக்குச் சட்டம் தளர்ந்திருக்குன்னு அர்த்தம், அன்னைக்கே சரி பண்ணுங்க.

எந்த மரம் நல்லது?

சீக்கிரம் மக்காத ஜாதி மரத்தோட வைரம் பாஞ்ச கட்டை. சீடர், லார்ச், ஓக் மாதிரி மரங்கள் பேர் வாங்கினதும் அந்த நடு வைரத்துக்காகத்தான், அதே மரத்தோட வெளிப்பக்க வெளிறு சீக்கிரமே மக்கிடும். மருந்து ஏத்துன மரம் கிடைச்சா தாராளமா போடலாம், ஆனா இப்போ வர்ற மருந்துல செம்பு அதிகம், அது சாதா இரும்பை அரிச்சுடும், மரம் நல்லா இருக்கும் ஸ்க்ரூ கழுத்தோட ஒடிஞ்சு கையில வரும். ஹாட் டிப் கால்வனைஸ் பண்ணது (உருக்குன துத்தநாகத்துல முக்கி எடுத்தது) இல்லைன்னா ஸ்டெயின்லெஸ், இது ரெண்டைத் தவிர வேற எதையும் அதுல இறக்காதீங்க. அறுத்த முனையில மருந்து இருக்காது, அங்க மறுபடி மருந்து பூசணும், நிறைய பேர் இதை விட்டுடுறாங்க.

இன்னொண்ணு, கட்டை நேரா மண்ணுல உக்காரக்கூடாது. தட்டைக்கல் வச்சு தூக்குங்க, விட்டத்து மேல்முகத்துல பிட்டுமன் டேப் (தண்ணி இறங்காத தார் டேப்) ஒட்டிட்டு அப்புறம் பலகை அடிங்க. இதுக்கு அரை நாள் கூட ஆகாது, ஆனா கட்டையோட ஆயுசு வருஷக்கணக்குல கூடும். சருகை வருஷத்துக்கு ரெண்டு தடவையாவது வாரி எடுங்க.

ஆணியா ஸ்க்ரூவா?

பலகைக்கு ஸ்க்ரூ, பாரம் தாங்குற இணைப்புக்கு போல்ட். டயர் ஒவ்வொரு தடவை தட்டும்போதும் ஆணி மயிரிழை மயிரிழையா மேல வரும், ஒரு சீசன்ல தலை எட்டிப் பாக்கும், விழுற ஆளோட முழங்கால் அதுலதான் கிழியும். அதுக்காக டெக் ஸ்க்ரூவை வச்சு விட்டத்தை காலோட இணைச்சுடாதீங்க. அது குறுக்கா வர்ற விசையில வளையாது, பட்டுன்னு ஒடியும். அங்க வாஷர் போட்ட முழு போல்ட் வேணும், வருஷத்துக்கு ஒரு தடவை ஸ்பேனர் வச்சு முறுக்கிப் பாக்கணும், ஏன்னா மரம் காஞ்சு சுருங்க சுருங்க போல்ட் தானா லூஸ் ஆகும்.

உயிரோட இருக்குற மரத்துல அடிச்சுக்கலாமா, செலவு மிச்சமாகுமே?

வேண்டாம். காத்துல மரம் ஆடும், உங்க பாலம் ஆடாது, இணைப்பு பிஞ்சுக்கும். மரம் பருத்துக்கிட்டே போறதால போல்ட்டை விழுங்கிடும், காயம் வழியா நோய் ஏறும், ஒரு நாள் அந்த மரமே பாலத்து மேல சாயலாம். தனிக் கால் நட்டுக்கோங்க.

மழை பேஞ்சா பலகை வழுக்குது, என்ன பண்றது?

முதல்ல பலகையோட திசை. போற வழிக்குக் குறுக்கதான் பலகை இருக்கணும், நீளவாக்குல அடிச்சா டயர் இடுக்குல சிக்கும், வழுக்கவும் செய்யும். பலகைக்கு நடுவுல ஒரு விரல் அளவு இடைவெளி விடுங்க, தண்ணியும் மண்ணும் கீழ விழுந்துடும். பாசி பிடிச்சிருந்தா முரட்டு பிரஷ் போட்டுத் தேய்ங்க. அதுக்கப்புறம்தான் பிடிமானத்துக்காக பலகை மேல கம்பி வலை.

கம்பி வலையை அடிச்சா மட்டும் போதாது, அதோட விளிம்பைத்தான் கவனிக்கணும். விளிம்பு பிஞ்சு மேல தூக்குனா அது கத்தி மாதிரி, டயரையும் கிழிக்கும் ஆளையும் கிழிக்கும். விளிம்பைப் பலகையோட பக்கவாட்டுல மடக்கி கீழ ஸ்டேப்பிள் அடிங்க. தேஞ்சு வழவழன்னு ஆன வலை ஒண்ணுமே போடாத பலகையைவிட மோசம், ஏன்னா பாக்குறவங்க பிடிமானம் இருக்குன்னு நம்பி வேகமா வருவாங்க.

எவ்வளவு உயரம், எவ்வளவு அகலம்?

இன்டர்நேஷனல் மவுண்டன் பைசைக்கிளிங் அசோசியேஷன், 1988ல ஆரம்பிச்ச அமைப்பு, பனிச்சறுக்குல இருக்குற மாதிரி பச்சை வட்டம் (சுலபம்), நீலச் சதுரம் (நடுத்தரம்), கறுப்பு டைமண்ட் (கஷ்டம்)னு தரம் பிரிச்சிருக்காங்க. அதுல சுத்திப்போக முடியாத பாலம்னா பச்சையில 36 அங்குல அகலத்துக்கு குறையக்கூடாது, நீலத்துலயும் கறுப்புலயும் 24 அங்குலம். நீலத்துல கட்டுன ஃபீச்சர் 2 அடி உயரத்துக்குள்ள இருக்கணும், அகலம் உயரத்துல பாதிக்கு மேல இருக்கணும். கறுப்புன்னா 4 அடி வரைக்கும் போகலாம், அகலம் உயரத்துல பாதிக்கும் கம்மியாவே இருக்கலாம்.

இது வழிகாட்டுதல்தான், உங்க நாட்டு சட்டம் வேற மாதிரி சொன்னா அதுதான் செல்லும். எனக்கு இந்த எண்களைவிட முக்கியமா படுறது, ஒரு ட்ரெயில் ஆரம்பத்துல என்ன தரம் காட்டுச்சோ அதையே கடைசி வரைக்கும் காப்பாத்தணும். மூணு கிலோமீட்டர் நீலமா போயிட்டு திடீர்னு வளைவுக்குப் பின்னாடி ஒரு கறுப்பு ட்ராப் வந்தா, அங்க விழுற ஆள் மேல தப்பில்ல.

ஜம்ப்ல எல்லாரும் லிப்பை (ஏறிக் கிளம்புற பக்கம்) பத்தியே பேசுறாங்க, லேண்டிங் (இறங்குற பக்கம்) அவ்வளவு முக்கியமா?

லேண்டிங்தான் ஆளைக் காப்பாத்துறது. ஒரு கணக்கு பாருங்க. 1 மீட்டர் உயரத்துல இருந்து விழுந்தா தரையைத் தொடும்போது கீழ்நோக்கி வேகம் மணிக்கு 16 கி.மீ. சமதளத்துல இறங்குனா அந்த 16 மொத்தமும் கணுக்கால், மணிக்கட்டு, முதுகுக்குப் போகும். சரிவுல, நீங்க பறந்து வர்ற கோணத்தோட ஒத்துப்போற சரிவுல இறங்குனா அதுல பெரும்பங்கு முன்னோக்கி உருள்றதுலயே கரைஞ்சுடும். நல்ல லேண்டிங்னா 2 மீட்டர் ட்ராப்கூட மெத்துன்னு இருக்கும், மோசமான லேண்டிங்ல முக்கால் மீட்டர்கூட இடுப்பைப் பேத்துடும்.

வேகக் கணக்கு இன்னும் முக்கியம். பறக்குற தூரம் வேகத்தோட வர்க்கத்துல கூடும். லிப் 25 டிகிரி, லேண்டிங் அதே உயரம்னு வச்சுக்கோங்க, காத்துத் தடையை விட்டுடுவோம். மணிக்கு 30 கி.மீ.ல வந்தா சுமார் 5.4 மீட்டர் பறப்பீங்க. 36ல வந்தா 7.8 மீட்டர். ஆறு கிலோமீட்டர் வேகம் கூடினதுக்கு ரெண்டரை மீட்டர் கிட்ட வித்தியாசம். அதனால லேண்டிங் சரிவு நீளமா இருக்கணும், அகலமாவும் இருக்கணும், லிப்பைவிட அகலமா, ஏன்னா காத்துல ஆள் கோணலாதான் போவாங்க. புதுசா கட்டுறவங்க கேப் ஜம்ப் கட்டாம டேபிள்டாப் கட்டுங்கன்னு கெஞ்சிக் கேக்குறதும் இதனாலதான், டேபிள்டாப்ல வேகம் பத்தலைன்னா நடுவுல உக்காருவீங்க, கேப்ல சுவத்துல மோதுவீங்க.

லிப்ல என்ன பராமரிப்பு இருக்கு, மண்தானே?

மண்தான், ஆனா அது மாறிக்கிட்டே இருக்கும். டயர் ஏறி ஏறி அடியில பள்ளம் விழும், மேல் விளிம்பு உருண்டு தேயும், ரெண்டும் சேந்து கோணத்தை மாத்திடும். அடியில பள்ளமாச்சுன்னா லிப் செங்குத்தாயிடும், அதே வேகத்துல வந்தவரை அது மேல தூக்கி எறியும், பின்சக்கரம் எகிறி முன்னாடி குப்புற விழவைக்கும். நாங்க ஒவ்வொரு லிப்புக்கும் கட்டுன அன்னைக்கே வளைவுக்கு ஏத்த மாதிரி ஒரு ப்ளைவுட் அச்சு வெட்டி வச்சுக்கிறோம், மாசத்துக்கு ஒரு தடவை அதை லிப் மேல வச்சுப் பாத்தா எங்க ரெண்டு விரல் இடைவெளி விழுந்திருக்குன்னு உடனே தெரிஞ்சுடும்.

கேக்காம யாரோ வந்து லிப்பை அரை அடி உசத்திட்டுப் போறது இன்னொரு தொல்லை, அவங்களுக்கு அது சின்ன விஷயம், ஆனா லேண்டிங் பழைய இடத்துலயே இருக்கும், அடுத்து வர்றவர் லேண்டிங்கையே தாண்டி சமதளத்துல போய் விழுவார். அப்படி மாத்தியிருந்தா கண்டவுடனே ஜம்ப்பை மூடுங்க, பேச்சுவார்த்தை அப்புறம்.

பெர்ம் ஒவ்வொரு மழைக்கும் கரைஞ்சு போகுதே?

தண்ணி வாட்டம் இல்லாம கட்டியிருப்பீங்க. பெர்ம்ங்கிறது ஒரு கிண்ணத்தோட பாதி, மேல இருந்து வர்ற தண்ணி அதோட அடியில வந்து தேங்கும். பெர்முக்கு முன்னாடியே ட்ரெயிலை லேசா மேடு பண்ணி தண்ணியை வெளிய திருப்பிவிடுங்க, அப்படியும் உள்ள வர்ற தண்ணி உள்பக்கம் வழியா வெளியேற ஒரு வாய்க்கால் வெட்டுங்க. குழாய் புதைக்கலாம், ஆனா சருகு அடைக்கும், அதைத் தோண்டி எடுக்க ஒரு ஆள் எப்பவும் வேணும், எனக்குத் திறந்த வாய்க்கால்தான் பிடிக்கும்.

மழை பெய்யும்போதே ஒரு தடவை குடை எடுத்துட்டு ட்ரெயிலுக்குப் போங்க. தண்ணி எந்தப் பக்கம் ஓடுதுன்னு அரை மணி நேரத்துல கண்ணாலயே பாத்துடலாம், வெயில்ல நின்னு யோசிச்சா வராத தெளிவு அது.

பெர்ம் உள்ள நுழையுற இடத்துல அலை அலையா பிரேக் குழி விழுந்தா, அது பெர்மோட குறை கிடையாது, முன்னாடி வேகம் அதிகமா வர்றதுதான். குழியை மட்டும் நிரப்பிக்கிட்டே இருந்தா காலத்துக்கும் நிரப்பணும். முன்னாடி ஒரு ஏத்தமோ சின்ன வளைவோ வச்சு வேகத்தைக் குறைங்க.

மண் கெட்டியாகவே மாட்டேங்குது, என்ன தப்பு பண்றோம்?

ரெண்டு தப்புல ஒண்ணு. மேல் மண்ணை, வேரும் சருகும் கலந்த கறுப்பு மண்ணைப் போட்டிருப்பீங்க, அது மக்க மக்க உள்வாங்கும். அதை வழிச்சு ஓரம் போட்டுட்டு கீழ இருக்குற, கொஞ்சம் களி கலந்த மண்ணை எடுங்க. இல்லைன்னா ஒரே நாள்ல ஒரு மீட்டர் கொட்டி மேல மட்டும் திமிசு போட்டிருப்பீங்க, அடி பஞ்சு மாதிரிதான் இருக்கும். ஒரு சாண் கூட வேண்டாம், 15 செ.மீ. போடுங்க, இடிங்க, அடுத்தது போடுங்க. ஈரம் சரியான்னு பாக்க ஒரு கைப்பிடி மண்ணை உருண்டை பிடிங்க, நிக்கணும், விரலால தட்டினா ரெண்டு மூணா உடையணும், உள்ளங்கையில சேறு ஒட்டக்கூடாது.

மழைக்கு அப்புறம் எப்போ திறக்கலாம்?

கால் வச்சா தடம் பதியாம இருக்கும்போது.

ஓரத்துல மரம், கல்லெல்லாம் இருந்தா பரவாயில்லையா?

ஃபீச்சர்ல இருந்து விழுற ஆள் எங்க போய் விழுவார்னு யோசிச்சு அந்த இடத்தைச் சுத்தம் பண்ணணும். ஸ்கின்னின்னா ரெண்டு பக்கமும், ஜம்ப்னா லேண்டிங்கைத் தாண்டியும், பெர்ம்னா வெளிப்பக்கமும். வெட்டுன கட்டைகளோட குத்தி நிக்கிற முனைதான் ரொம்ப மோசம், கிளையைச் சாய்வா வெட்டி ஈட்டி மாதிரி விட்டுட்டுப் போவாங்க. தரையோட தரையா அறுங்க, முடிஞ்சா வேரோட பிடுங்குங்க. நகத்த முடியாத பாறை இருந்தா ஃபீச்சரை நகத்துங்க.

போர்டு வச்சா போதுமா?

போர்டு வேணும், ஆனா எல்லாரும் படிக்க மாட்டாங்க. அதனால நுழையுற இடத்தையே போர்டா மாத்துங்க, அதாவது அந்த ட்ரெயில்ல இருக்குற கஷ்டத்துக்கு சமமா ஒண்ணை, உயரம் கம்மியா, விழுந்தா அடிபடாத மாதிரி முதல் இருபது மீட்டருக்குள்ள வச்சுடுங்க. அதைத் தாண்ட முடியாதவர் அங்கேயே இறங்கி வேற வழியில போயிடுவார். பெரிய ஃபீச்சர் ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல சுத்திப்போற வழி ஒண்ணு இருக்கணும், அது தூரத்துல இருந்தே கண்ணுக்குத் தெரியணும். லிப் மேல ஏறுன அப்புறம்தான் கேப் இருக்குறதே தெரியுதுன்னா அந்த இடத்துல கட்டியிருக்கவே கூடாது.

எவ்வளவு நாளுக்கு ஒரு தடவை செக் பண்ணணும்?

குழந்தைங்க விளையாட்டுத் திடல்களுக்கு ஐரோப்பாவுல இ.என். 1176னு ஒரு தரநிலை இருக்கு, அதுல மூணு அடுக்கு சொல்றாங்க: அடிக்கடி கண்ணால ஒரு பார்வை, 1 முதல் 3 மாசத்துக்கு ஒரு தடவை கை வச்சு சோதனை, வருஷத்துக்கு ஒரு முழு சோதனை. ட்ரெயிலுக்கும் இந்த முறை நல்லா பொருந்துது, நாங்க அப்படியே எடுத்துக்கிட்டோம். புயல், பலத்த மழை, பெரிய ரேஸ், இதுக்கெல்லாம் அப்புறம் கணக்கு பாக்காம போய்ப் பாத்துடணும்.

ஒவ்வொரு ஃபீச்சருக்கும் ஒரு நம்பர் குடுங்க. நோட்டுல தேதி, யார் பாத்தது, என்ன இருந்துச்சு, என்ன பண்ணோம், நாலே வரி. ஒரே கோணத்துல ஒரு போட்டோ. "எல்லாம் ஓகே"ன்னு எழுதாதீங்க, "7ஆம் நம்பர், மேல்பக்க விட்டம் குத்திப் பாத்தேன், கெட்டி"ன்னு எழுதுங்க, அப்பதான் அடுத்த வருஷம் வர்றவருக்கு உதவும்.

தனியா போறப்போ உடைஞ்ச பலகையைப் பாத்தேன், கையில ஒண்ணும் இல்ல, என்ன செய்ய?

மூடிட்டு வாங்க. ஃபீச்சர் மேலயே கட்டையைக் குறுக்கப் போட்டீங்கன்னா வேகமா வர்றவர் அதுலதான் மோதுவார், அதனால நல்லா முன்னாடி, வேகம் எடுக்குறதுக்கு முன்ன இருக்குற இடத்துல, தூரத்துல இருந்தே தெரியுற மாதிரி கிளைகளைக் குவிச்சு வழியை அடைங்க. ஒரு கிளையை நட்டுக்குத்தலா நிறுத்தி மேல ஏதாவது பளிச்னு கட்டுங்க. கயிறோ கம்பியோ குறுக்கா கட்டவே கட்டாதீங்க, கழுத்தை அறுத்துடும். போட்டோ எடுத்து ட்ரெயில் பாத்துக்கிறவங்களுக்கு அனுப்புங்க.

அடிபட்டுட்டா?

முதல்ல ஆள், தலையிலயோ கழுத்துலயோ அடின்னா அசைக்காதீங்க, உதவியைக் கூப்பிடுங்க, ட்ரெயிலுக்கு மேல ஒருத்தரை நிறுத்தி அடுத்து வர்ற சைக்கிளைத் தடுங்க. ஆள் போன அப்புறம் ஃபீச்சரை மூடி, கை வைக்காம போட்டோ எடுத்து அளந்து எழுதி வைங்க. அதே இடத்துல ரெண்டாவது தடவை யாராவது விழுந்தா அது ரைடரோட கவனக்குறைவுன்னு சொல்லித் தப்பிக்காதீங்க, அங்க நீங்க கட்டுனதுல ஏதோ இருக்கு.

நிலத்துக்காரர் அனுமதி வாங்கணுமா?

கட்டாயம், எழுத்துல. அனுமதி இல்லாம ராத்திரியோட ராத்திரியா கட்டுற ஜம்ப்பை பகல்ல போய் யாராலயும் பராமரிக்க முடியாது, பிரச்சனையே அதுதான்.

எப்போ ஒரு ஃபீச்சரைப் பிரிச்சுடணும்?

விட்டம் கெட்டுப்போனா, பழுதுபாக்க ஆள் இல்லைன்னா, ரெண்டு சோதனைத் தேதி தொடர்ந்து தவறிப்போச்சுன்னா. மனசு கேக்காது, எனக்கும் கேக்கல. மேல சொன்ன அந்த லேடர் பிரிட்ஜைக் கடைசியில பிரிச்சுதான் போட்டோம், கட்ட பதினோரு நாள் ஆனது, பிரிக்க ஒரு மதியம். பிரிக்கும்போது லிப், மேடை எதையும் பாதியில விடாதீங்க, ஏறுற பக்கம் மட்டும் நின்னு இறங்குற பக்கம் இல்லைன்னா அதைவிட ஆபத்து இல்ல, அதனால முதல்ல ஏறுற பக்கத்தை உடைங்க. போல்ட், ஸ்க்ரூ எல்லாத்தையும் ஒரு வாளியில எண்ணிப் போடுங்க, நோட்டுல எத்தனை போட்டதா எழுதியிருக்கோ அத்தனை வந்துச்சான்னு பாருங்க. எங்களுக்கு நாலு குறைஞ்சுது, இருட்டுறதுக்குள்ள சருகைக் கிளறி மூணு எடுத்தோம், நாலாவதை மறுநாள் காந்தம் கொண்டுபோய் எடுத்தோம்.